மூன்று வருடக் கணக்கு

கடை எந்த ஊரில், அதை நடத்தப் போகிறவர் யார், எத்தனை காலத்துக்கு, என்ன சம்பளத்துக்கு, திரும்பி வரும்போது எதை ஒப்படைக்க வேண்டும். இத்தனையையும் ஒரே தாளில் எழுதி, மேலே பிள்ளையார் சுழி போட்டு, கையெழுத்து வாங்கிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய பிறகுதான் அந்தக் காலத்து இராயவரத்து முதலாளி தன் ஆளைக் கப்பலேற்றினார். அந்தத் தாளுக்குச் சம்பளச் சீட்டு என்று பெயர். சீட்டின் காலம் பெரும்பாலும் மூன்று வருடம். திருமயம் பக்கத்து ஊர்களில் எழுதப்பட்ட சீட்டை நம்பி ரங்கூனிலும் பினாங்கிலும் சைகோனிலும் கடைகள் நடந்தன.

செட்டிநாடு என்றால் காரைக்குடியும் கானாடுகாத்தானும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அதன் வடக்குப் பகுதி முழுக்கப் புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் இருக்கிறது. இராயவரம், அரிமளம், கடியாபட்டி என்கிற இராமச்சந்திரபுரம், கோனாபட்டு, பனையப்பட்டி, குழிபிறை, விராச்சிலை, இராங்கியம், நச்சாந்துபட்டி, வலையப்பட்டி, மேலைச்சிவபுரி என்று அந்த வரிசை நீளும். 1948 மார்ச் 3 வரை இவை தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானத்து ஊர்கள். வானம் பார்த்த பூமி, கண்மாய்ப் பாசனம், செம்மண். அந்த மண்ணை மட்டும் நம்பிச் செட்டிநாட்டின் பெரிய வீடுகளைக் கட்டியிருக்க முடியாது. நகரத்தார் என்கிற நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கட்டிய அந்த வீடுகளின் தேக்கும் பளிங்கும் கடல் கடந்த கணக்குகளிலிருந்து வந்தவை.

இந்த மாவட்டத்துக்கு வணிகம் புதிதல்ல. மதுரைக்குப் போகும் வழி மூன்றாகப் பிரியும் இடமாகச் சிலப்பதிகாரம் சொல்வது விராலிமலைக்குத் தெற்கே உள்ள கொடும்பாளூரைத்தான். பிற்காலத்தில் மணிக்கிராமம் என்ற வணிகக் குழு அங்கே இருந்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. திசையாயிரத்து ஐந்நூற்றுவரின் பெயர் முனிசந்தைக் கல்வெட்டில் வருகிறது. மணிக்கிராமத்தின் பெயர் தாய்லாந்தின் தகுவா பாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டிலும், ஐந்நூற்றுவரின் பெயர் சுமத்ராவில் கிடைத்த 1088-ஆம் ஆண்டுக் கல்வெட்டிலும் இருக்கின்றன. நகரத்தார் அந்தக் குழுக்களின் நேர் வாரிசுகள் என்று சொல்ல ஆதாரம் போதாது. ஆனாலும் கீழ்க்கடலுக்கு அப்பால் கடை போடுவது இந்த வட்டாரத்துக்கு ஆயிரம் வருடப் பழக்கம்.

நகரத்தார் தொடக்கத்தில் உப்பு வணிகர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் இலங்கைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். ஆங்கிலேயர் 1852-ல் கீழ் பர்மாவைப் பிடித்ததும், 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் எல்லாவற்றையும் மாற்றின. ஐராவதி கழிமுகத்துக் காடுகள் வயலாயின. பர்மா அரிசிக்கு உலகச் சந்தை கிடைத்தது. காட்டை வெட்டவும் மாடு வாங்கவும் அறுவடை வரை சாப்பிடவும் பர்மிய விவசாயிக்குப் பணம் வேண்டியிருந்தது. ரங்கூனில் இருந்த ஐரோப்பிய வங்கிகள் அவனுக்கு நேரடியாகக் கடன் கொடுக்கத் தயாராக இல்லை. அந்த இடைவெளியை நகரத்தார் தெளிவாகப் பார்த்தார்கள். வங்கியிடமும் சொந்தக்காரர்களிடமும் வாங்கிய பணத்தை ஆற்றங்கரைக் கிராமம் வரை கொண்டுபோய்க் கொடுப்பது, அறுவடை முடிந்ததும் வட்டியோடு திரும்ப வாங்குவது என்பதே அவர்கள் வகுத்துக்கொண்ட தொழில். ஊரில் அதைக் 'கொண்டுவிக்கப் போறது' என்று சொன்னார்கள். அதாவது பணமே சரக்கு. போன சரக்கு பணமாகவே திரும்பி வரவேண்டும்.

மூன்று வருடம் என்ற கெடு ஏன் வந்தது? முதலாளி ஊரில் இருக்கிறார், கடை கடலுக்கு அப்பால் இருக்கிறது, கடிதம் போய்ச் சேரவே பல நாள் ஆகும். நாள்தோறும் கண்காணிக்க வழியில்லாத தொழிலுக்கு முடிவுத் தேதி வேண்டும். ஒரு வருடத்தில் புதிய ஆள் கடனாளிகளைப் பழகி முடிக்கவே மாட்டார். மூன்று வருடமென்றால் மூன்று அறுவடையைப் பார்த்துவிடலாம். ஓர் ஆண்டு வெள்ளம் வந்து கெட்டாலும் மற்ற இரண்டு ஆண்டுகள் ஈடுகட்டும். அதற்கு மேல் நீண்டால் குடும்பத்தை ஊரில் விட்டுவந்தவருக்குத் தாங்காது. மனைவி மக்களைக் கூட்டிப் போகும் வழக்கம் அன்று இல்லை.

சீட்டில் சம்பளம் மாதக் கணக்கில் பேசப்படவில்லை. கெடுக்காலம் முழுவதுக்கும் சேர்த்து ஒரே தொகையாகக் குறித்தார்கள். அதில் ஒரு பகுதி புறப்படும் முன்பே கைக்கு வந்துவிடும். குடும்பம் அதை வைத்து நடக்கும். அங்கே போனபின் சாப்பாடும் தங்குமிடமும் கடைச் செலவு. கெடு முடிந்து, கணக்கு ஒப்படைத்து, முதலாளிக்குத் திருப்தியானால் லாபத்தில் சிறு பங்கும் கிடைத்தது. ஆக, சீட்டெழுதிக் கடை நடத்தப் போகிற ஏஜெண்டுக்கு, தனக்கு என்ன வரும், எப்போது வரும், எதற்காக வரும் என்பது கப்பலேறும்போதே தெரிந்திருந்தது. முதலாளிக்கும் தன் கடையின் சம்பளச் செலவு மூன்று வருடத்துக்கு என்னவென்று முன்கூட்டியே தெரிந்திருந்தது. இன்று புதுக்கோட்டையில் தொழில் தொடங்கக் கடன் கேட்டு வங்கிக்குப் போகிறவரிடம் வரும் ஆண்டுகளின் வரவு செலவைக் காட்டும் திட்ட அறிக்கை கேட்கிறார்களே, அதன் சாரம் இந்தச் சீட்டில் இருந்தது.

கெடு முடியும் சமயத்தில் அடுத்த ஏஜெண்டு வந்து சேர்வார். இருவரும் கொஞ்ச காலம் சேர்ந்து கடை நடத்துவார்கள். பழையவர் புதியவரை அழைத்துப் போய் ஒவ்வொரு கடனாளியையும் நேரில் காட்டுவார்; ஒவ்வொரு பத்திரத்தையும் எடுத்து வைத்துக் கணக்கோடு ஒத்துப் பார்ப்பார்கள். பிறகுதான் பழையவருக்கு ஊர். கணக்கைக் கொண்டுவந்து முதலாளி முன் வைத்துவிட்டு, சில காலம் ஊரில் இருந்து, வீட்டுக் காரியங்களைப் பார்த்துவிட்டு அடுத்த சீட்டுக்குக் காத்திருப்பார். இந்த ஏற்பாட்டில் ஆள் மாறினாலும் கடையின் நோக்கம் மாறவில்லை. கடையின் பெயரே அதைச் சொல்லும். பாட்டன், தகப்பன் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்த விலாசம்தான் கடைப் பெயர். ஏஜெண்டின் சொந்தப் பெயருக்கு அங்கே வேலையில்லை.

சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் இருந்த கிட்டங்கிகளில் இந்த வாழ்க்கையைக் கிட்டத்தில் பார்க்கலாம். நீளமான ஒரே கூடம். இரண்டு பக்கமும் சுவரோரமாக வரிசையாகப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்குப் பின்னாலும் ஒரு பாய்; அதில் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பவர் ஒரு கடையின் ஏஜெண்டு. அந்தப் பெட்டியின் சாய்ந்த மூடிதான் அவருக்கு எழுதுமேசை. உள்ளே பேரேடும் பத்திரங்களும். இரவானால் அதே இடத்தில் படுக்கை. ஒரு கூரையின் கீழே பல கடைகள் போட்டியாக இருந்தும், யாருடைய எல்லை எதுவென்பதில் குழப்பமில்லை. போட்டியைக்கூட அவர்கள் வரம்புக்குள் வைத்தார்கள். ரங்கூனில் மாதமொருமுறை கோயிலில் கூடி, தங்களுக்குள் கொடுத்து வாங்கும் தவணை வட்டியை முடிவு செய்தார்கள். சாமி முன்னால் பேசி முடித்த வட்டியை வெளியே போய் மாற்றுவது எளிதல்ல.

கணக்கு முறைக்கு வருவோம். அன்றன்றைய கொடுக்கல் வாங்கலைக் குறிப்பில் எழுதி, அதைப் பேரேட்டில் ஆள்வாரியாக ஏற்றி, பேரேட்டிலிருந்து ஐந்தொகை எடுப்பார்கள். சொந்த முதல் எவ்வளவு, பிறர் போட்டுவைத்த மேம்பணம் எவ்வளவு, வெளியே நிற்கும் கடன் எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு, லாபம் எவ்வளவு என்று மொத்தத்தையும் ஒரே பார்வையில் காட்டுவது ஐந்தொகை. அது ஊருக்குப் போகும். பனையப்பட்டி வீட்டு முகப்பில் உட்கார்ந்திருக்கும் முதலாளி அதைப் படித்துவிட்டு, இன்னாருக்கு இனிக் கொடுக்காதே, இந்தக் கடனை வசூல் செய் என்று பதில் எழுதுவார். பெரிய நோக்கத்தை எழுதிவைத்துவிட்டு மூன்று வருடம் தூங்கவில்லை. வழியிலேயே அளந்து பார்த்துக்கொண்டே வந்தார்கள். இந்த வட்டாரத்தின் வணிகச் சாதனைகளில் கட்டடங்களைவிட இந்த ஐந்தொகைக்குத்தான் முதலிடம் தரவேண்டும்.

வேலைக்கு வரும் பையனுக்கும் படிகள் தெளிவாக இருந்தன. எண்சுவடியும் பின்ன வாய்பாடும் மனப்பாடமாக ஒப்பித்து, வட்டிக்கணக்கை மனத்திலேயே போடத் தெரிந்த பிறகு, பத்துப் பன்னிரண்டு வயதில் பெட்டியடிப் பையனாகச் சேர்வான். பிறகு அடுத்தாள். பிறகு மேலாள், ஏஜெண்டு. சேர்த்த சம்பளத்தையும் பங்கையும் வைத்து ஒரு கடையில் கூட்டு. கடைசியில் சொந்த விலாசம். ஏழை வீட்டுப் பையனுக்கும் அந்தக் கடைசிப் படி கண்ணுக்குத் தெரிந்தது.

எல்லாப் பையன்களும் அந்தப் படியில் ஏறவில்லை. 1917-ல் மேலைச்சிவபுரியில் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோரை இழந்த ஒரு பையனும் இப்படித்தான் பர்மாவுக்குப் போனான். அதிகாரி வந்து கேட்டால் முதலாளி இல்லையென்று சொல் என்றார்கள். இருக்கிறவரை இல்லையென்று எப்படிச் சொல்வது என்று பையன் மறுத்தான், வேலை போயிற்று. ஊர் திரும்பியவன் பண்டிதமணி மு. கதிரேசன் செட்டியாரிடம் தமிழ் படித்தான். 'பொய் சொல்லா மாணிக்கம்' என்று நகரத்தார் இன்றும் பெருமையாகச் சொல்லும் அந்தப் பையன்தான், பின்னாளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தரான தமிழறிஞர் வ. சுப. மாணிக்கம். சீட்டில் எழுதாத ஒரு நிபந்தனையை அவர் தானே வகுத்துக்கொண்டு, அதற்கான விலையையும் கொடுத்தார்.

கணக்கின் ஒழுங்கு கடையோடு நிற்கவில்லை, வீட்டுக்குள்ளும் வந்தது. கல்யாணமானதும் மகனை 'வேறு வைப்பது' நகரத்தார் வழக்கம். வீட்டை விட்டு அனுப்புவதில்லை. அதே பெரிய வீட்டில் அவனுக்கென்று அறையும் தனி அடுப்பும் கொடுத்து, வருடச் செலவுக்கு இவ்வளவு என்று தொகையும் நெல்லும் அளந்துவிடுவார்கள். அதற்குள் குடும்பம் நடத்துவது புதுத் தம்பதியின் பொறுப்பு. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூலில் இந்த வழக்கத்தை வியந்து குறித்திருக்கிறார். தகப்பன் எவ்வளவு பெரிய பணக்காரராக இருந்தாலும் மகனின் அடுப்புக்கு வரம்பு உண்டு. கல்யாணமான அன்றே அவன் ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பக் கணக்கு. கோயில் வரி அவன் பெயரிலும் விழும். ஆச்சிமார் எனப்படும் நகரத்தார் வீட்டுப் பெண்கள் தங்கள் சீதனப் பணத்தைத் தனிக்கணக்காகக் கடைகளில் வட்டிக்குப் போட்டு வளர்த்தார்கள். ஆச்சியின் கணக்கு வேறு, செட்டியாரின் கணக்கு வேறு. கணவர் மூன்று வருடம் ஊரில் இல்லாதபோது வீடு, பிள்ளைகள், கல்யாணச் சீர், கொடுக்கல் வாங்கல் எல்லாவற்றையும் ஓட்டியவர்கள் ஆச்சிமார்தான். அவர்களின் நிர்வாகத் திறமையைச் சேர்க்காமல் எழுதும் செட்டிநாட்டு வணிக வரலாறு பாதி வரலாறுதான்.

சாமிக்கும் கணக்கில் இடம் இருந்தது. மகமை என்று ஒரு பகுதியை எடுத்துத் தனிப்பற்றில் வைத்தார்கள். கோயில் திருப்பணி, வேத பாடசாலை, பள்ளிக்கூடம், ஊருணி என்று அது செலவானது. லாபம் எதற்கு என்ற கேள்விக்கு, கைக்கு வந்தபின் யோசிக்கலாம் என்று விடாமல் கணக்கிலேயே விடை வைத்திருந்தார்கள். 1909-ல் மேலைச்சிவபுரியில் சன்மார்க்க சபை தொடங்கியபோது அதைத் தாங்கியதும் இப்படிச் சம்பாதித்தவர்களின் கொடைதான்.

1930-ஐ ஒட்டி அரசு அமைத்த வங்கி விசாரணைக் குழுக்கள் இந்தத் தொழிலை அளந்தபோது கிடைத்த எண்கள் மலைக்க வைப்பவை. பர்மாவில் மட்டும் சுமார் 1,650 செட்டியார் கடைகள். கீழ் பர்மாவில் மக்கள் நெருங்கி வாழும் ஏறக்குறைய எந்த ஊரிலிருந்தும் ஒரு நாள் பயணத்துக்குள் ஒரு கடை இருந்தது. நகரத்தாரின் மொத்த முதலீடு ஏறத்தாழ 120 கோடி ரூபாய்: பர்மாவில் 75 கோடி, மலேயாவில் 25 கோடி, இலங்கையில் 14 கோடி, கொச்சின் சைனா என்கிற தெற்கு வியட்நாமில் 5 கோடி. சென்னை மாகாணத்தில் வெறும் ஒரு கோடி. 120-ல் 75 ஒரே நாட்டில், அதுவும் ஒரே பயிரை நம்பி நின்றது. ஒவ்வொரு கடையின் ஐந்தொகையும் தன்னளவில் சரியாக இருந்தது. எல்லாக் கடைகளும் சேர்ந்து எங்கே போய்க்கொண்டிருக்கின்றன என்று பார்க்கும் ஐந்தொகையை யாரும் எழுதவில்லை.

அதே சமயத்தில் உலகப் பொருளாதாரம் சரிந்தது. நெல் விலை பாதிக்கும் கீழே விழுந்தது. விவசாயியால் வட்டிகூடக் கட்ட முடியவில்லை; அடமானம் வைத்த நிலம் கடைக்கு வந்து சேர்ந்தது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் நகரத்தார் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். 1938-ல் அது 25 சதவீதம், கிட்டத்தட்ட 25 லட்சம் ஏக்கர். நிலம் அவர்கள் தேடிப் போன பொருளல்ல. கொண்டுவித்த பணம் பணமாகத் திரும்ப வேண்டும் என்பதுதான் தொழிலின் அடிப்படை. வயல் மூன்று வருடத்தில் கப்பலேறி ஊருக்கு வராது. ஆனால் அன்றைய விலைக்கு விற்றால் முதலே போய்விடும். விலை ஏறட்டும் என்று வைத்துக்கொண்டார்கள். ஏஜெண்டுகள் மாறினார்கள், நிலம் அப்படியே நின்றது. வட்டிக்கடை குத்தகைப் பண்ணையாக மாறியது. அப்படி மாறலாம் என்று யாரும் உட்கார்ந்து முடிவெடுக்கவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தான் வெட்டித் திருத்திய வயலில் தானே குத்தகைக்காரனாக நின்ற பர்மிய விவசாயிக்கு மூன்று வருடக் கணக்கின் ஒழுங்கில் பெருமைப்பட எதுவுமில்லை. 1930 டிசம்பரில் சாயா சான் தலைமையில் எழுந்த விவசாயிகள் கிளர்ச்சிக்குப் பின்னால் வரிச்சுமையும் கடன்சுமையும் இருந்தன. கோபம் இந்தியர்கள் மீது, அதிலும் செட்டியார்கள் மீது குவிந்தது. புதுக்கோட்டை முகப்பில் படிக்கப்பட்ட ஐந்தொகையில் அந்தக் கோபத்துக்கு ஒரு பற்றுவழி இல்லாமல் போனது பெரிய குறை.

1942-ல் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தது. கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள். கிடைக்காதவர்கள் அரக்கான் மலைகளையும் மணிப்பூர்க் காடுகளையும் நடந்து கடந்தார்கள். பலர் வழியிலேயே இறந்தார்கள். வந்து சேர்ந்தவர்களிடம் பணமில்லை. சிலர் பத்திரக் கட்டை மட்டும் விடாமல் கொண்டுவந்திருந்தார்கள். சுதந்திர பர்மா 1948-ல் நில நாட்டுடைமைச் சட்டம் கொண்டுவந்ததும் அந்தப் பத்திரங்களுக்கு மதிப்பில்லாமல் போனது.

முன்கூட்டியே பாதையை மாற்றியவர்களும் இருந்தார்கள். பக்கத்துப் பள்ளத்தூரைச் சேர்ந்த ஏ.எம். முருகப்ப செட்டியார் 1900-ல் பர்மாவின் மௌல்மேனில் லேவாதேவியில் தொடங்கியவர். போர் வெடிக்கும் முன்பே முதலை இந்தியாவுக்குத் திருப்பிவிட்டார். அந்தக் குடும்பம் 1949-ல் சென்னைக்குப் பக்கத்தில் டி.ஐ. சைக்கிள் ஆலையைத் தொடங்கியது. கானாடுகாத்தான் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் வேறு வழியில் போனார். அயல்நாட்டு வணிகத்துக்கும் அந்நியச் செலாவணிக்கும் என்றே ஒரு வங்கி வேண்டும் என்று தீர்மானித்து, 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். ஒரே நாளில் மூன்று கிளைகள்: சென்னை, காரைக்குடி, ரங்கூன். அதற்கு முப்பது வருடம் முன்பு, ஆர்பத்நாட் கம்பெனி திவாலாகிச் சென்னை மாகாணமே ஆடிப்போன நேரத்தில், 1907 ஆகஸ்டு 15 அன்று தொடங்கிய இந்தியன் வங்கிக்கும் நகரத்தாரின் முதலீடு பெரும் துணையாக இருந்தது. இரண்டு வங்கிகளும் 1969-ல் நாட்டுடைமை ஆயின. இராயவரத்தில் பிறந்த அழ. வள்ளியப்பா அந்த இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே தமிழ்க் குழந்தைகளுக்குப் பாட்டு எழுதினார்.

கடியாபட்டியில் சிதம்பர விலாஸ் இன்று பாரம்பரிய விடுதி. சுற்றுலாப் பயணிகள் வந்து பர்மா தேக்குத் தூண்களைத் தொட்டுப் பார்க்கிறார்கள். தூண்களைக் காப்பாற்ற ஆளிருக்கிறது. காகிதங்களைக் காப்பாற்றத்தான் ஆளில்லை. பூட்டிக் கிடக்கும் வீடுகள் பாகம் பிரிக்கப்படும்போது கதவும் கண்ணாடியும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போகின்றன. பேரேடும் சம்பளச் சீட்டும் ஐந்தொகையும் கரையானுக்கோ எடைக்கடைக்கோ போகின்றன. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் ரட்னர் இப்படிப்பட்ட கணக்குகளையும் வாய்மொழிச் செய்திகளையும் துணைகொண்டு நகரத்தார் வணிகம் பற்றி 1994-ல் ஒரு முழு நூல் எழுதினார். இங்கே கல்லூரியில் வணிகவியல் படிக்கும் மாணவர் ஒருவர் சம்பளச் சீட்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டுமென்றால் எங்கே போவார்? திருக்கோகர்ணத்தில் 1910 முதல் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அதில் ஓர் அறையை இந்தக் காகிதங்களுக்கு ஒதுக்கலாம். இராயவரத்திலும் கோனாபட்டிலும் குழிபிறையிலும் பெட்டிச்சாவி இன்னும் கையில் இருக்கிற குடும்பங்கள், அடுத்த பாகப் பிரிவினைக்கு முன்பு ஒருமுறை திறந்து பார்த்து, உள்ளே இருப்பதைப் படமெடுத்தாவது வைக்க வேண்டும்.